பத்து இருபது கோச்சி

சாரத்தோடு கமெராவில் விழக்கூடாது என்று
மகள் சட்டம் போட்டிருக்கிறாள்.
அதனால் எட்டு மணியிலிருந்து ஒன்றரை வரை
குசினிக்குப் போவதென்றால்
கதிரைக்குப் பின்னால் குனிந்து
சுவரோடு சுவராக, நண்டு மாதிரி.

ஹோட்டல் மூடி நாலாவது மாதம்.
கொள்ளுப்பிட்டியில்
சாவி கேட்க ஆளில்லாத வரவேற்பு மேசை ஒன்று
என்னை மறந்துகொண்டிருக்கிறது.
அரைச் சம்பளம், முழு நாள் வீடு.
இப்போது நானும் தரம் ஏழு.

முத்திரைத் தாள் போல முப்பத்தெட்டுக் கட்டங்கள்.
பாதிக்கு மேல் முகமில்லை,
டேட்டா மிச்சம் பிடிக்கிற வெறும் பெயர்கள்.
ஆனாலும் எனக்கு எல்லாரையும் தெரியும்,
அவரவர் முதுகுக்குப் பின்னால் கேட்கிற சத்தத்தால்.
யதுர்ஷன் என்றால் பிரஷர் குக்கர்.
அஸ்மினா வீட்டில் தையல் மெஷின்,
அதுவும் முகக்கவசமாகத்தான் இருக்கும்,
சின்னச் சின்ன ஓட்டம், நிறுத்தம், ஓட்டம்.

சுகிர்தன் வீட்டில் மட்டும் ஒன்றுமே கேட்காது.
ஒரு சொல்லில் பதில் சொல்வான்,
உடனே மைக்கை மூடிவிடுவான்,
கடன்காரனுக்குக் கதவு சாத்துவது போல.

பத்து இருபதுக்குக் காலிக்குப் போகிற கோச்சி
பம்பலப்பிட்டியில் எங்கள் ஜன்னலை உலுக்கிவிட்டுப் போகும்.
ரஸ்க்கைத் தேத்தண்ணியில் முக்கி
உடையாமல் வாய்க்குக் கொண்டுபோய்
இன்னொன்றும் எடுத்து முடிய
அதே கூவல் ஃபோனுக்குள்ளிருந்து வரும்:
யதுர்ஷன், வெள்ளவத்தை.
பிறகு அஸ்மினா, தெஹிவளை.
போன கோச்சி எங்கள் வீட்டில்
மூன்று முறை போகும்.
"மியூட் பண்ணுங்கோ பிள்ளையள்" என்பார் மிஸ்.

வியாழக்கிழமை மிஸ்ஸின் லைன் அறுந்தது.
வகுப்பில் பெரியாள் இல்லை
(நான் கணக்கில் இல்லை, நான் சுவரோரம்).
ஒரு நிமிஷம் கூச்சல், பூனைச் சத்தம்,
யாரோ யாரையோ பட்டப்பெயர் சொல்லி.
ஜன்னல் நடுங்கத் தொடங்கியது.
"கோச்சி! நேரம் எடுங்கோ!" என்று கத்தினாள் என் மகள்.

பம்பலப்பிட்டி: பத்து இருபத்திரண்டு.
வெள்ளவத்தை: இருபத்தைந்து.
"ரெண்டு கிலோமீற்றர், மூண்டு நிமிஷம்.
அப்ப மணிக்கு நாப்பது!"
"எங்கட பக்கம் இன்னும் வரேல்ல," அஸ்மினா.
"இடையில ஆர் இருக்கிறீங்கள்? வாய்க்கால் பக்கம் ஆர்?"

ஒருவருமில்லை.

பிறகு சுகிர்தனின் மைக் திறந்தது.

கூவல் இல்லை அது. முழுக் கோச்சி.
ஒவ்வொரு சில்லும், தகரக் கூரையும்,
தட்டோடு தட்டு மோதுவதும்,
தூங்கின குழந்தை திடுக்கிட்டு அழுவதும்,
"அந்தச் சட்டியப் பிடி!" என்று ஒரு பெண்குரலும்.
எங்கள் மேசையில் ஃபோன் தானாக நகர்ந்தது.

அது போய் முடிந்த பிறகும்
அவன் மைக்கை மூடவில்லை.
"எங்கட வீடு ரோட்டுப் பக்கமில்ல," என்றான்,
"தண்டவாளத்துப் பக்கம்."

சிரிப்பு வரப்போகிறது என்று
ரஸ்க் கையில் ஊறி விழும்வரை காத்திருந்தேன்.

"நேரத்தச் சொல்லடா," என்றான் யதுர்ஷன்.

சொன்னான். சொல்லிவிட்டு,
"ஆனா நாப்பது பிழை.
பாலத்தடியில அது மெதுவாகும்.
படுத்திருந்தா முதுகுக்கே தெரியும்.
ஒரே வேகம் எண்டு போட ஏலாது."
மகள் நாப்பதை வெட்டினாள்.
கொப்பியில் அந்தக் கோடு கிழிகிற சத்தம்.
"அப்ப மெதுவாகிறத எங்க போடுறது?"
அவனுக்கும் தெரியாது.
அவனுக்கு மட்டும்தான்
அது மெதுவாகும் என்று தெரியும்.

"கேக்குதா பிள்ளையள்?" என்று மிஸ் திரும்பி வந்தார்.
முப்பத்தெட்டு மைக்கும் ஒன்றாக மூடின.
மகள் என்னைப் பார்த்து முறைத்தாள்.
அப்போதுதான் கவனித்தேன்,
எப்போது குனிவதை விட்டேனோ,
கதிரைக்கு நேர் பின்னால்
நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தேன்,
சாரத்தோடு.